ரிஸ்க்-ஃபைவ் போர்டுல பேக்கேஜ் பில்ட் ஆகலன்னா எங்கருந்து தேடணும்

தம்பி, உங்க கேள்விய சுருக்கமா இங்க எழுதிடறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். பர்கூர்ல இன்ஜினியரிங் படிக்கிறீங்க, ராயக்கோட்டை பக்கம் உங்க மாமாவோட பட்டுப்புழு மனைல வெப்பம், ஈரப்பதம் ரெண்டையும் ராத்திரி பகலா பதிவு பண்ணணும்னு விஷன்ஃபைவ் 2 போர்டு வாங்கிருக்கீங்க, 4 ஜிபி ராம். இன்டெல்லோடது இல்லாம ரிஸ்க்-ஃபைவ்ங்கற வேற கட்டளைத் தொகுப்புல ஓடற சின்ன கம்ப்யூட்டர் அது. சென்சார் லைப்ரரி, கட்டறதுக்கு முன்னாடி மெஷின சோதிக்கற கான்ஃபிகர்லயே நின்னுடுச்சு, சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதின லாகர் லிங்க் ஆகறப்ப அடாமிக்னு ஏதோ சொல்லி விழுந்துச்சு, ரீடிங்க நெட்வொர்க்ல அனுப்பற, ரஸ்ட் மொழில இருக்கற எம்க்யூடிடி கிளையன்ட் பாதில நிக்குது, ஆர்ங்கற புள்ளியியல் மொழில கணக்கு போடற பேக்கேஜுக்கு டெஸ்ட் ஃபெயில் ஆகுது. லாகர மட்டும் எப்படியோ லிங்க் பண்ணி, அதோட டெஸ்ட்ட ஆஃப் பண்ணிட்டு ஓட்டினா சிபியு நூறு சதவீதத்துல சுத்துது, ஒரு வரி கூட எழுதல. இதே சோர்ஸ் லேப்டாப்ல நல்லா ஓடுது, அப்ப போர்டுதான் வேஸ்ட்டான்னு கேக்கறீங்க.

வேஸ்ட் இல்ல. நீங்க சொன்ன பிரச்சனை அத்தனையும் ரொம்ப நாளா எல்லாருக்கும் தெரிஞ்சது. சாஃப்ட்வேர் எழுதினவங்க கைல இருந்தது இன்டெல் அல்லது ஏஎம்டி மெஷின், அதுல எது சரியா நடந்துச்சோ அது எல்லா மெஷின்லயும் நடக்கும்னு நம்பி எழுதிட்டாங்க, அந்த நம்பிக்கை ஒடையற இடத்துலதான் உங்களுக்கு எரர் வருது. அதனால ஒவ்வொரு எரர்லயும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், இந்த கோட் எதை நம்பி எழுதிருக்கு? இதுக்கு பதில் கிடைச்சா சரி பண்றது பெரும்பாலும் ஒரு வரி, ரெண்டு வரி. பதில் கிடைக்காமயே எரர மட்டும் வாய மூட வச்சீங்கன்னா இப்ப லாகர் சுத்தற மாதிரிதான் ஆகும்.

கம்பைல் பண்றதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது உங்க இமேஜ், அதாவது கார்டுல எழுதற ரெடிமேட் ஓஎஸ், எவ்வளவு பழசுன்னு. போர்டு விக்கறவங்க குடுக்கற இமேஜ் பல நேரம் ஏதோ ஒரு நாள்ல எடுத்த டெபியன் லினக்ஸோட ஸ்னாப்ஷாட்டா இருக்கும், அதுல கம்பைலர் ஜிசிசி பழசு, பேக்கேஜ் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. டெபியன் 13, அதான் ட்ரிக்சி, 2025 ஆகஸ்ட் 9 வெளிவந்துச்சு, ரிஸ்க்வி64, அதாவது 64 பிட் ரிஸ்க்-ஃபைவ், அதிகாரபூர்வமா சேர்ந்த முதல் டெபியன் அதுதான். அதுக்கு மாறிட்டீங்கன்னா நீங்க கட்ட நினைக்கிறதுல பாதி, பேக்கேஜ் எறக்கற ஆப்ட் கமாண்ட்லயே ரெடியா கிடைக்கும். உபுண்டு போடலாம்னு நினைச்சீங்கன்னா ஒண்ணு கவனிங்க, 25.10லருந்து அவங்க சிப்புல என்னென்ன வசதி இருக்கணும்னு சொல்ற ஆர்விஏ23ங்கற புது மட்டத்த கட்டாயமாக்கிட்டாங்க, உங்க போர்டுல இருக்கற ஜேஎச்7110 சிப்புல அது கேக்கற வெக்டர் எக்ஸ்டென்ஷனே (பல எண்ண ஒண்ணா கணக்கு போடற கட்டளைங்க) கிடையாது, அதனால அது ஓடாது, 24.04 தான் உங்களுக்கு. இணையத்துலருந்து யாரோ கட்டி வச்ச பைனரிய எடுத்து ஓட்டி "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு வந்தாலும் முதல் சந்தேகம் இதுமேலதான் வரணும், அவங்க வெக்டரோட கட்டிருப்பாங்க, உங்க கோர் வெறும் ஆர்வி64ஜிசி, வெக்டர் இல்லாத அடிப்படை தொகுப்பு.

இன்னொரு பழக்கம் வச்சுக்கோங்க. ஒரு பேக்கேஜ் விழுந்துச்சுன்னா நீங்களா மண்டைய ஒடச்சுக்கறதுக்கு முன்னாடி "ஆப்ட் சோர்ஸ்" போட்டு டெபியனோட சோர்ஸ எறக்கி, அதுக்குள்ள இருக்கற பேட்சஸ் (சோர்ஸ்ல செஞ்ச திருத்தங்கள்) ஃபோல்டர பாருங்க. உங்களுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் இதே எரர்ல முட்டி, சரி பண்ணி வச்சிருப்பாங்க, மேல என்ன காரணம்னு நாலு வரி விளக்கமும் இருக்கும். நான் இந்த விஷயத்துல கத்துக்கிட்டதுல பாதி அந்த நாலு வரிகள்லருந்துதான்.

லாக் படிக்கிறது பத்தி. எல்லாரும் கடைசி வரியத்தான் பாக்கறாங்க, "எரர் 2"ன்னு இருக்கும், அதுல ஒண்ணுமே இல்ல. நாலு ஜாப் ஒண்ணா ஓடறப்ப ஒண்ணு விழுந்த பிறகும் மத்த மூணும் பேசிட்டே இருக்கும், உண்மையான எரர் இருநூறு வரிக்கு மேல கிடக்கும். அதனால விழுந்ததும் "மேக் -ஜே1 வி=1"னு ஒரு தடவ ஒத்த ஜாப்ல ஓட்டுங்க, மேக்குக்கு பதிலா நிஞ்சான்னா "-வி" போடுங்க, முழு கமாண்டும் தெரியும். கான்ஃபிகர்ல விழுந்தா திரைல வர்றத நம்பாதீங்க, கான்ஃபிக்.லாக் ஃபைல தொறங்க, சிமேக்ங்கற இன்னொரு பில்ட் டூல் புதுசுன்னா சிமேக்கான்ஃபிகர்லாக்.யாம்ல்னு ஒண்ணு இருக்கும். "த்ரெட் லைப்ரரி இல்ல"ன்னு திரைல சொல்லும், உள்ள பாத்தா கம்பைலருக்கு தெரியாத ஏதோ ஒரு ஃப்ளாக்கால அந்த சின்ன சோதனை ப்ரோக்ராமே கம்பைல் ஆகாம போயிருக்கும்.

இப்ப உங்க எரருக்கு வரேன். சென்சார் லைப்ரரி "கேனாட் கெஸ் பில்ட் டைப்"னு சொல்லி நிக்குதுல்ல, அது சுலபம். அந்த சோர்ஸோட கூட வர்ற கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் ரெண்டு ஃபைலும் ரிஸ்க்-ஃபைவ்னு ஒரு பேரே கேள்விப்படாத காலத்துது. ஆட்டோடூல்ஸ்-டெவ் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க, /யுஎஸ்ஆர்/ஷேர்/மிஸ்க்ல புது ஃபைல் ரெண்டும் இருக்கும், எடுத்து பழசு மேல போடுங்க, முடிஞ்சது. லைப்ரரி கட்டற லிப்டூல் ஸ்கிரிப்ட்டும் பழசா இருந்தா "ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ" போட்டு எல்லாத்தையும் புதுசா உருவாக்கிடுங்க.

அதுக்கடுத்து கம்பைலர் ஃப்ளாக். மேக்ஃபைல்ல யாராவது "-எம்64", "-எம்எஸ்எஸ்இ2"ன்னு நேரா எழுதி வச்சிருப்பாங்க, இங்க ஜிசிசி தெரியாத ஆப்ஷன்னு சொல்லிடும், தூக்கிடுங்க. "-எம்ஆர்ச்=நேட்டிவ்" போட்டா பழைய ஜிசிசி, ஐஎஸ்ஏ ஸ்ட்ரிங் (சிப் வகைய சொல்ற பேரு) ஆர்வி32 அல்லது ஆர்வி64னு ஆரம்பிக்கணும்னு அடம் பிடிக்கும், அதையும் தூக்கிடுங்க, டிஃபால்ட்டே உங்க போர்டுக்கு சரியானதுதான். "இம்இன்ட்ரின்.எச்" இல்லன்னு வந்தா அது இன்டெல்லோட சிம்ட் (ஒரே கட்டளைல பல எண்ண கணக்கு போடறது) கோட், அங்க ரெண்டு வழி இருக்கு. சாதாரண சி-லயே எழுதின மாற்று வழி உள்ள இருக்கான்னு பாத்து அத ஆன் பண்ணலாம், இல்லன்னா சிம்ட் எவ்ரிவேர்னு ஒரு ஹெடர் லைப்ரரி இருக்கு, இன்டெல் அழைப்புகள அது வேற கோடா மாத்தி குடுத்துடும். வேகம் அவ்வளவா வராது, ஆனா விடை சரியா வரும். "எஃப்இஎன்சிஇ.ஐ"க்கு ஜிஃபென்ஸ்ஐ வேணும், இல்ல ஜிசிஎஸ்ஆர் வேணும்னு அசெம்ப்ளர் சொன்னா, அது அசெம்ப்ளர் இருக்கற பினுட்டில்ஸ் பேக்கேஜோட 2.38லருந்து டிஃபால்ட் மாறினதால வர்றது, எம்ஆர்ச் ஸ்ட்ரிங் முடியற இடத்துல அந்த ரெண்டு பேரையும் அடிக்கோடு போட்டு சேருங்க.

அடாமிக்னா வேற த்ரெட் நடுவுல புகுந்துடாம ஒரே மூச்சுல முடியற செயல், அந்த எரர கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் தப்பான மருந்து போட்டுட்டு நோய் தீரலன்னு சொல்றாங்க. உங்களுக்கு வந்தது "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு __அடாமிக்_எக்ஸ்சேஞ்ச்_1". அந்த கடைசி 1ஐ பாருங்க, ஒரு பைட்டுன்னு அர்த்தம். லாகர்ல எங்கயோ ஒரு அடாமிக் பூலியன் இருக்கு, "நிறுத்து"ன்னு சொல்ற கொடியா இருக்கும். ரிஸ்க்-ஃபைவோட அடிப்படை "ஏ" எக்ஸ்டென்ஷன்ல அடாமிக் கமாண்டெல்லாம் 4 பைட்டுக்கும் 8 பைட்டுக்கும்தான் இருக்கு, ஒரு பைட்டுக்கும் ரெண்டு பைட்டுக்கும் நேரா கிடையாது. அத 4 பைட்டு வார்த்தையா எடுத்து, மறைச்சு, மாத்தி செய்யணும். ஜிசிசி 14க்கு முன்னாடி இந்த வேலைய கம்பைலர் தானா செய்யாம லிப்அடாமிக்னு ஒரு லைப்ரரிகிட்ட தள்ளிவிட்டுச்சு, 14லருந்து தானே கோடுக்குள்ள செஞ்சுடுது. ட்ரிக்சில இருக்கறது ஜிசிசி 14 தான். ஆக உங்களுக்கு இந்த எரர் வருதுன்னாலே உங்க இமேஜ் பழசுன்னு கிட்டத்தட்ட உறுதி.

இமேஜ மாத்த முடியாதுன்னா "-எல்அடாமிக்" சேக்கணும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க சேக்கறதுங்கறதுலதான் கோட்ட விடறாங்க. எல்டிஃப்ளாக்ஸ்ல போட்டீங்கன்னா அது ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு முன்னாடி வரும், அந்த நேரத்துல லிங்கருக்கு யாரும் அடாமிக் கேக்கல, "ஆஸ்-நீடட்" ஆன்ல இருந்தா இது தேவையில்லன்னு கழட்டி விட்டுடும், அப்புறம் வர்ற ஆப்ஜெக்ட் கேக்கறப்ப கைல ஒண்ணும் இருக்காது. அதனால ஆட்டோகான்ஃப் ப்ராஜெக்ட்டுன்னா லிப்ஸ் வேரியபிள்ல குடுங்க, சிமேக்னா சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_ஸ்டாண்டர்ட்_லைப்ரரீஸ்ல குடுங்க, ரெண்டுமே கமாண்டோட கடைசில போய் உக்காரும். புது ஜிசிசிலயும் 16 பைட்டு அடாமிக் யாராவது கேட்டா இன்னும் லிப்அடாமிக் வேணும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ரஸ்ட் கதை சின்னது. ரஸ்ட்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ் நல்லாவே வேலை செய்யுது, உங்கள நிறுத்தறது எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கற கார்கோ.லாக் ஃபைல். அதுல "ரிங்"ங்கற க்ரேட் (ரஸ்ட் லைப்ரரி) 0.16ல பூட்டி வச்சிருப்பாங்க, அதுல ரிஸ்க்-ஃபைவ் கிடையாது, 0.17ல இருக்கு. "கார்கோ அப்டேட்" போட்டும் நகரலன்னா "கார்கோ ட்ரீ -ஐ ரிங்" போட்டு யார் அத இழுத்துட்டு வர்றாங்கன்னு பாருங்க, பெரும்பாலும் பழைய ரஸ்ட்எல்எஸ்ஸா இருக்கும், அத மேல ஏத்துங்க. பைத்தான்லயும் இதே மாதிரிதான், லேப்டாப்ல ரெடியா எறங்கற வீல் இங்க பலதுக்கு இருக்காது, பிப் உக்காந்து சோர்ஸ்லருந்து கட்ட ஆரம்பிக்கும், நம்பை மாதிரி பெருசெல்லாம் ஆப்ட்லருந்து எடுத்துக்கோங்க.

கெர்னல்கிட்ட வேலை கேக்கற சிஸ்டம் கால நேரா கூப்பிடற கோட் இருந்தா அதுவும் விழும். "எஸ்ஒய்எஸ்_ஓப்பன்" இல்லன்னு சொல்லும், உண்மைலயே இல்ல, ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ்ல ஓப்பன், ஃபோர்க், பைப் மாதிரி பழைய கால்கள வைக்கவே இல்ல, ஓப்பன்ஏட், க்ளோன், பைப்2 தான். ஏஆர்எம்64லயும் அப்படித்தான். நேரம் அளக்க "ஆர்டிடிஎஸ்சி" போட்டிருந்தா அது இன்டெல் அசெம்ப்ளி, அதுக்கு பதிலா "ஆர்டிசைக்கிள்" போடுங்கன்னு பழைய குறிப்புகள்ல இருக்கும், போடாதீங்க, லினக்ஸ் 6.6லருந்து சாதாரண ப்ரோக்ராம் அத தொட டிஃபால்ட்டா அனுமதி கிடையாது, கம்பைல் ஆகிட்டு ஓடறப்ப செத்துடும். க்ளாக்_கெட்டைம் போதும்.

இதுக்கு நடுவுல ஆர்கிடெக்சருக்கு சம்பந்தமே இல்லாத எரரும் வரும், அத பிரிச்சு பாக்க தெரியணும். "கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1ப்ளஸ்"னா ராம் தீந்துபோச்சு, வேற ஒண்ணுமில்ல, டிமெசேஜ்ல கெர்னல் கொன்னது பதிவாகியிருக்கும். 4 ஜிபி வச்சுக்கிட்டு பெரிய சி ப்ளஸ் ப்ளஸ் ப்ராஜெக்ட்ட "-ஜே4"ல ஓட்டாதீங்க, 2க்கு எறக்குங்க, எல்டிஓ (லிங்க் நேரத்துல செய்யற ஆப்டிமைசேஷன்) ஆஃப் பண்ணுங்க, ஸ்வாப்ப எஸ்டி கார்டுல வைக்காம எம்.2 ஸ்லாட்டுல ஒரு எஸ்எஸ்டி போட்டு அதுல வைங்க. "இன்டர்னல் கம்பைலர் எரர்"னு வந்தா எதையும் மாத்தாம அதையே மறுபடி ஓட்டுங்க. அதே ஃபைல், அதே வரில விழுந்தா கம்பைலர்ல பக். ஒவ்வொரு தடவையும் வேற எடத்துல விழுந்தா சூடு, இல்ல அடாப்டர், இல்ல ராம். நம்ம பக்கம் ஏப்ரல் மே மாசத்துல ஓட்டு வீட்டுக்குள்ள ஃபேன் இல்லாம மணிக்கணக்கா கம்பைல் ஓட்டினா எந்த போர்டும் தடுமாறும். கரண்ட் போய் வந்த பிறகு "ஃபைல் ஃபார்மேட் நாட் ரெககனைஸ்ட்"னு வந்தா, பாதி எழுதின ஆப்ஜெக்ட் ஃபைல் சைஸ் 0ஆ கிடக்கும், மேக்குக்கு அது புது ஃபைல் மாதிரி தெரியறதால திரும்ப கட்டாது. கிளீன் பண்ணிட்டு ஓட்டுங்க, பழைய கம்பைல் முடிவ சேத்து வைக்கற சிகேஷ் வச்சிருந்தா அதையும் காலி பண்ணுங்க.

சரி, இப்ப முக்கியமானது. டெஸ்ட். கம்பைல் எரர் நேர்மையானது, முகத்துக்கு நேரா சொல்லிடுது. கம்பைல் ஆகி, லிங்க் ஆகி, ஓடறப்ப தப்பான எண்ண எழுதற ப்ரோக்ராம கண்டுபிடிக்க டெஸ்ட்ட விட்டா வேற ஆள் கிடையாது. மாமா அந்த எண்ண பாத்துதான் மனைல ஈரத்துணி கட்டறதா, ஜன்னல தொறக்கறதான்னு முடிவெடுக்கப்போறாரு, 24லருந்து 28 டிகிரிக்குள்ள வச்சுக்க வேண்டிய புழு அது.

உங்க லாகர் சுத்தறதுக்கு காரணம் பாக்காமயே என்னால ஓரளவு சொல்ல முடியும். சோர்ஸ்ல "கார் சி"ன்னு ஒரு வேரியபிள் (கார்னா கேரக்டர்ங்கறதோட சுருக்கம், ஒரு பைட்டு வகை) வச்சு, கமாண்ட் ஆப்ஷன படிக்கிற கெட்ஆப்ட்லருந்து வர்றத அதுல வாங்கி, மைனஸ் 1 வர்ற வரைக்கும் சுத்துன்னு எழுதிருப்பாங்க. இன்டெல்ல கார்ங்கறது மைனஸ் வச்சுக்கும், ரிஸ்க்-ஃபைவ்லயும் ஏஆர்எம்லயும் பவர்பிசிலயும் வச்சுக்காது, 0லருந்து 255 வரைக்கும்தான், அதனால மைனஸ் 1 போட்டா 255 ஆயிடும், 255 எப்பவுமே மைனஸ் 1க்கு சமமாகாது, லூப் முடியவே முடியாது. உறுதிப்படுத்திக்க "-எஃப்சைன்ட்-கார்" ஃப்ளாக் போட்டு ஒரு தடவ கட்டிப்பாருங்க, சுத்தறது நின்னா இதேதான். அந்த ஃப்ளாக்க அப்படியே விட்டுடாதீங்க, சோர்ஸ்ல கார்ங்கறத இன்ட்னு மாத்துங்க. சென்சார்லருந்து வர்ற பைட்ட கார்ல வாங்கி மைனஸ் டிகிரின்னு கணக்கு போடற இடம் இருந்தா அங்கயும் இதே குழி இருக்கு, அங்க இன்ட்8_டி போடுங்க.

டெஸ்ட்ல தசம எண்ணோட கடைசி இலக்கம் மட்டும் மாறி ஃபெயில் ஆச்சுன்னா பயப்பட வேண்டாம். பெருக்கி கூட்டறத ஒரே கமாண்டா செய்யற வசதி ரிஸ்க்-ஃபைவ்ல அடிப்படைலயே இருக்கு, ஜிசிசி அத தானா பயன்படுத்திக்கும், நடுவுல ஒரு ரவுண்டிங் குறையும். இன்டெல் 64 பிட் அடிப்படைல அது கிடையாது. "-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்" போட்டதும் பாஸ் ஆயிட்டா காரணம் அதுதான், அங்க தப்பு டெஸ்ட்டுமேல, அச்சு அசல் சமமா இருக்கணும்னு கேக்கக்கூடாது.

ஆனா ஆர் பேக்கேஜ்ல உங்களுக்கு வந்தது அந்த ரகம் இல்லன்னு நினைக்கிறேன். ஆர்ல "என்ஏ", அதாவது ரீடிங்கே இல்லங்கறது, உள்ளுக்குள்ள ஒரு என்ஏஎன், அதாவது எண்ணே இல்லங்கற மதிப்புதான், அதோட அடி பிட்டுல 1954ங்கற எண்ண ஒளிச்சு வச்சு அடையாளம் கண்டுக்குது. இன்டெல்ல அதோட ஒண்ண கூட்டினாலும் அந்த அடையாளம் கூடவே வரும். ரிஸ்க்-ஃபைவ்ல கணக்கு முடிவு என்ஏஎன் ஆச்சுன்னா எப்பவும் ஒரே நிலையான என்ஏஎன் தான் வரும், ஒளிச்சு வச்சது அழிஞ்சுடும், இது பக் இல்ல, ஸ்பெக்லயே அப்படித்தான் இருக்கு. ஆக "சென்சார் பேசல"ங்கறதும் "கணக்கு தப்பாச்சு"ங்கறதும் ஒண்ணாயிடும். ராத்திரி சென்சார் ஒயர் கழண்டு கிடந்த நேரத்தையும் ஃபார்முலால தப்பு வந்த நேரத்தையும் உங்களால பிரிக்க முடியாது. ரீடிங் வந்துச்சா இல்லையாங்கறத தனி நெடுவரிசைல 0, 1ன்னு எழுதிடுங்க, என்ஏவ நம்பி இருக்காதீங்க.

இன்னும் ரெண்டு. முழு எண்ண 0ஆல வகுத்தா இன்டெல்ல ப்ரோக்ராம் செத்துடும், இங்க சாகாது, எல்லா பிட்டும் 1ஆ, அதாவது மைனஸ் 1னு ஒரு விடைய குடுத்துட்டு போயிட்டே இருக்கும், அதனால சராசரி எடுக்கறப்ப எண்ணிக்கை 0ஆன்னு நீங்களே பாக்கணும். அதே மாதிரி ரெண்டு த்ரெட் வச்சு ஒண்ணு எழுத ஒண்ணு படிக்க, நடுவுல வெறும் வாலட்டைல் கொடின்னு இருந்தா இன்டெல்ல மெமரி வரிசை கண்டிப்பா இருக்கறதால பல வருஷம் ஓடிருக்கும், இங்க வரிசை தளர்வு, எப்பவாவது ஒரு தடவ பழைய ரீடிங் வரும். அத அடாமிக்கா மாத்தறத விட்டா வேற வழியில்ல.

எது எதனாலன்னு சந்தேகமா இருந்தா, டெபியன் ஒவ்வொரு பேக்கேஜையும் எல்லா ஆர்கிடெக்சர்லயும் கட்டி முடிவ வரிசையா வெளியிடறாங்க, அந்த வரிசைய படிக்க கத்துக்கோங்க. எஸ்390எக்ஸ் மட்டும் விழுந்திருந்தா பைட் வரிசை பிரச்சனை, ஏன்னா அதிகாரபூர்வமா இருக்கறதுல அது மட்டும்தான் பிக் எண்டியன், அதாவது எண்ணோட பெரிய பைட்ட முதல்ல வைக்கறது. ஏஆர்எம்எச்எஃப் மாதிரி 32 பிட் மட்டும் விழுந்தா பாயின்ட்டர் சைஸ். ஏஎம்டி64ம் ஐ386ம் மட்டும் பாஸ் ஆகி மத்த எல்லாம் விழுந்தா கார் விஷயத்துமேல சந்தேகப்படுங்க. ரிஸ்க்வி64 மட்டும் விழுந்திருந்தா அடாமிக், என்ஏஎன், இல்ல வெறுமனே டைம்அவுட். பல டெஸ்ட்டுல 30 செகண்டுனு வேகமான மெஷின வச்சு எழுதிருப்பாங்க, பில்ட் டூல் மெசான்னா "மெசான் டெஸ்ட் -டி 5"னு போட்டா அந்த நேரத்த அஞ்சு மடங்கா ஆக்கிடும். டைம்அவுட்டுக்காக டெஸ்ட்ட தூக்கறது வேண்டாம்.

லேப்டாப்லயே வேற சிப் மாதிரி நடிக்கற க்யூஎம்யு வச்சு கட்டலாமான்னும் கேட்டிருந்தீங்க. கட்டலாம், கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ரிஸ்க்வி64 பேக்கேஜ போட்டு கிராஸ் கம்பைல் பண்ணா இன்னும் வேகம். ஆனா க்யூஎம்யு யூசர் மோடுல ஃபெயில் ஆகற டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க, டீபக்கர் பயன்படுத்தற பிட்ரேஸ் அங்க வேலை செய்யாது, நிறைய த்ரெட் இருந்தா சில நேரம் தொங்கிடும். அங்க கட்டுங்க, டெஸ்ட்ட போர்டுல ஓட்டுங்க.

சரி பண்ணதும் அந்த பேட்ச்ச சோர்ஸ் எழுதினவங்களுக்கு அனுப்பிடுங்க, இத நான் கெஞ்சியே கேக்கறேன். ஐஐடி மெட்ராஸ்ல சக்தி, சி-டாக்ல வேகான்னு இங்கயே ரிஸ்க்-ஃபைவ் சிப் டிசைன் பண்றாங்க, அதுமேல ஓடப்போற சாஃப்ட்வேர்ல இருக்கற இந்த சின்னச்சின்ன குழிய மூடறது நம்ம மாதிரி போர்ட கைல வச்சிருக்கறவங்களாலதான் முடியும். அனுப்பறப்ப "ரிஸ்க்-ஃபைவ்ல வேலை செய்யல"ன்னு எழுதாதீங்க, "கார்ல மைனஸ் வரும்னு நம்பிருக்கீங்க, ஏஆர்எம்லயும் இதே நடக்கும்"னு எழுதுங்க, அவங்க கைல ராஸ்பெர்ரி பை இருக்கும், உடனே சோதிச்சு பாத்து சேத்துக்குவாங்க. ஜிசிசி வெர்ஷன், யுநேம் -ஏ, முதல் எரரும் அதுக்கு முன்னாடி ஓடின முழு கமாண்டும், இவ்வளவு இருந்தா போதும்.

முதல்ல ட்ரிக்சி போட்டு லாகர மட்டும் கட்டுங்க, டெஸ்ட் ஆன்லயே இருக்கட்டும். அடாமிக் எரர் தானா போயிடணும். போகலன்னா கட்டின கமாண்ட் வரிய முழுசா எனக்கு அனுப்புங்க, லைப்ரரி எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு பாத்து சொல்றேன்.